தேரியில் தொலைந்த கேமரா

“காத்து ஏறுறதுக்குள்ள திரும்பிரணும்! அப்புறம் தேரியில வழி தெரியாது, சொல்லிட்டேன்!” என்று எச்சரித்துவிட்டு, ஆடு மேய்க்கும் இசக்கியம்மாள் தேரியின் செம்மணல் மேட்டில் முதல் ஆளாக ஏறினாள். பின்னால் செல்வின். அவனுக்கும் பின்னால் அவன் மனைவி ஜெபசீலி.

எடுக்க வந்தது ஒரு கேமராவை. எது அசைந்தாலும் தானே படம் எடுக்கும் கேமரா. பங்குனியில் கணவனும் மனைவியுமாக அதை ஒரு கொல்லாமரத்தில், முந்திரி மரத்தில், கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தேரியில் நரி இருப்பதைப் படத்தோடு காட்டினால், அங்கே மண் அள்ளுவதற்குத் தடை வாங்கலாம். கோர்ட்டில் விசாரணை வருகிற திங்கட்கிழமை!

சித்திரையில் ஜெபசீலிக்கு ஐந்து மாதக் கர்ப்பம் கலைந்தது. அன்றிலிருந்து யாராவது சொன்னால் செய்தாள், கேட்டால் பதில் சொன்னாள். அவ்வளவுதான். அழுகைகூட வரவில்லை. இன்றும் செல்வின் கூப்பிட்டான், வந்தாள்.

மரம் கிடைத்தது. கேமராவைக் காணோம்! அறுந்த கயிறு மட்டும் காற்றில் ஆடியது.

“கீழ உருண்டிருக்கும்!” செல்வின் சரிவில் இறங்கினான்.

“அங்கிட்டு போவாதீங்க தம்பி! மண்ணு சரியும்!”

சொல்லி முடிப்பதற்குள் மேடு பிளந்து சரிந்தது. மார்பு வரை புதைந்தான் செல்வின். மணல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஜெபா, நீ வராத!”

அவள் குப்புறப் படுத்தே சறுக்கிப் போனாள். இரு கைகளாலும் தோண்டினாள். நெஞ்சு பதற வேண்டிய நேரம். ஒன்றும் பதறவில்லை. அது அவளுக்கே விநோதமாக இருந்தது. மேலிருந்து இசக்கியம்மாள், ஆட்டுக்குத் தழை பறிக்கும் தொரட்டிக் கம்பை நீட்டினாள்.

“பேசாம இருங்க. கம்பப் பிடிங்க” என்றாள், காய் நறுக்கும்போது பேசுகிற குரலில்.

இசக்கியம்மாள் கம்பை இழுக்க, ஜெபசீலி தோண்டத் தோண்ட, இடுப்பு வெளியே வந்தது. அப்போது அவள் விரல் கெட்டியான எதன்மீதோ இடித்தது. கேமரா!

செல்வினை முழுதாக வெளியே இழுத்த பிறகு, மர நிழலில் மூவரும் கேமராவின் சின்னத் திரையில் படங்களைப் பார்த்தார்கள். செல்வின் திரையில் விரலை வைத்தான்.

“நரி! ஏ ஜெபா, நரி!”

“எம் ஆட்டுக்குட்டியத் தூக்குன களவாணிப் பய இவந்தான்!” இசக்கியம்மாள் குதித்தாள்.

“ம்” என்றாள் ஜெபசீலி. பொத்தானை அழுத்திக்கொண்டே போனாள். கேமரா கீழே விழுந்த பிறகு எடுத்த படங்கள் வந்தன. மணல். மணல். ஒரு சாண் ஓணான், மண் நிறத்தில். அடுத்த படத்தில் அதன் தொண்டை விசிறிபோல விரிந்திருந்தது. நீலம், கறுப்பு, நடுவே நெருப்புச் சிவப்பு! அடுத்ததில் மறுபடி மண் நிறம். அவள் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“இது என்னங்க?”

மூன்று மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி. செல்வின் படத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“சும்மா ஓணான்தான். தெனமும் பாக்கேன்” என்று எட்டிப் பார்த்த இசக்கியம்மாள் வாயைப் பொத்தினாள். “யாத்தே! இம்புட்டு கலரு எங்க வச்சிருந்துச்சு!”

காற்று ஏறிவிட்டது. செம்புழுதி கண்ணை மறைக்க, இசக்கியம்மாளின் முந்தானையை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை நரிப் படம் ஜெயித்தது. மண் அள்ளத் தடை விழுந்தது! ஊரே பட்டாசு வெடித்தது. ஜெபசீலி வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை செல்வின் கண் விழித்தபோது, அவள் கேமராவுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தடவ மரத்துல வேண்டாங்க. தரையோட தரையா வைப்போம்.”