வன்தடமானி பச்சை காட்டியவர்

தேரிக்காட்டு அணுக்கழிவுக் களஞ்சியத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் பிள்ளைகளை அடிப்பதில்லை. அடித்தே ஆகவேண்டும் என்றால் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சுயம்புவிடம் கூட்டிப் போவார்கள். அவன் தொடையில் இரண்டு வைத்து அனுப்புவான்.

எல்லாம் வன்தடமானியால் வந்தது. செம்மணலுக்கு அடியில், அணு உலைக் கழிவைச் சேமித்திருக்கும் சுரங்கத்தின் ஒரே கதவில் அது பொருத்தப்பட்டிருந்தது. முன்பெல்லாம் வேலைக்கு வருகிறவன்மேல் வழக்கு உண்டா என்று காவல் நிலையத்தில் விசாரிப்பார்கள். அதில் தப்பியவர்கள் பலர். இந்தக் கருவியிடம் யாரும் தப்ப முடியாது. பதினெட்டு வயதுக்குப் பிறகு ஆத்திரத்தில் ஆளையோ பொருளையோ அடித்தால் நரம்பில் ஒரு தடம் விழும். அது சாகும்வரை அழியாது. கையை வைத்தால் பச்சை எரியும், அல்லது சிவப்பு எரியும். சிவப்புக்குக் கதவு திறக்காது. உள்ளே வெறி பிடித்த எவனும் கழிவோடு வெளியேறிவிடக் கூடாது என்று திரும்பும்போதும் அதே சோதனை.

களஞ்சியத் தலைவர் கனகசபாபதிக்கு எந்நாளும் பச்சைதான். அவர் குரலை உயர்த்திக்கூட யாரும் கேட்டதில்லை. சுரங்கத்தில் கலன்களை நகர்த்தும் இயந்திரமான தூக்குகையை இயக்கும் மெர்லின், ஏழாம் கலன் கசிகிறது என்று சொன்னபோதும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அன்று மாலை அவள் கணவன் லூர்துவின் முழங்காலை ஒருவன் இரும்புக் குழாயால் உடைத்தான். மறுநாள் கனகசபாபதி லூர்துவின் உடல்நிலையை அக்கறையாக விசாரித்துவிட்டு, கதவில் கை வைத்தார். பச்சை.

குழாயைப் பிடித்தவன் சுயம்பு. அவனே மெர்லினிடம் ஒப்புக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"அவரு சொன்னாரு, நான் செஞ்சேன். ஒங்க கையெல்லாம் சுத்தமா இருக்கணும்னா எவன் கையாவது அழுக்காவணும்லா, தாயி."

மெர்லின் அவனைத் திட்டவில்லை. இனி இந்த வேலை வேண்டாம் அண்ணாச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரே தலைவரிடம் போய், கசிவைப் பற்றி ஆய்வாளர்களிடம் சொல்லப்போவதாக அறிவித்தாள். அவர் எரிச்சல்படவில்லை. வாம்மா, சேர்ந்தே பார்த்துவிடுவோம் என்று அவளைச் சுரங்கத்துக்கு அழைத்துப் போனார்.

ஏழாம் கலனருகே அவள் குனிந்தபோது, "பிடி" என்றார்.

தூக்குகையின் எஃகு விரல்கள் அவள் வலது தோளைக் கவ்வின. தலைவர் குரலுக்கு முன் அது வேறு யார் குரலையும் கேட்காது.

"இறுக்கு."

தோள் எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. கனகசபாபதி இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"சத்தம் போடாதம்மா. விபத்துன்னு போயிடும்."

இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை இடது கையால் உருவி, உடம்பில் இருந்த வலுவையெல்லாம் திரட்டி அவர் முகத்தில் வீசினாள். தாடை உடைந்தது. அடுத்த கட்டளைக்குத் திறந்த வாயிலிருந்து பற்களும் ரத்தமும்தான் வந்தன. கட்டளை நின்றதும் எஃகு விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

அவரை அப்படியே விட்டுப் போயிருக்கலாம். அவளோ துப்பட்டாவால் அவர் தாடையைக் கட்டி, ஒற்றைக் கையால் கதவுவரை இழுத்து வந்து, அவர் கையை எடுத்துக் கருவியில் வைத்தாள். பச்சை. வெளியே இருந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு பச்சைக்கு ஓர் ஆள்தான்; கதவு மூடிக்கொண்டது.

அவள் கையை வைத்தாள். சிவப்பு.

பின்னால் கசிவு மணி அடிக்கத் தொடங்கியது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அன்று வேலைக்கு வந்த அத்தனை பேரும் நின்றார்கள். கதவைத் திறக்கும் கைப்பிடி காவலாளி பேச்சிமுத்துவிடம் இருந்தது. தலைவர் உத்தரவு வேண்டும் என்றான் அவன். ஸ்ட்ரெச்சரில் கிடந்த கனகசபாபதி விரலை மட்டும் அசைத்து, கூடாது என்றார். எல்லோரும் தங்கள் சுத்தமான கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே மெர்லின் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள்.

சுயம்பு கடப்பாரையோடு வந்தான். கண்ணாடியில் முதல் அடி விழுந்ததுமே பேச்சிமுத்து தடியால் அவன் மண்டையைப் பிளந்தான். செம்மணலில் ரத்தம் தெறித்தது. அதற்குமேல் கேன்டீன் சமையல்காரி செல்லக்கனியால் பொறுக்க முடியவில்லை. சாதக் கரண்டியாலேயே பேச்சிமுத்துவின் மணிக்கட்டை உடைத்தாள். பிறகு ஒருவரும் ஒதுங்கி நிற்கவில்லை. மிதித்தார்கள், கடித்தார்கள், வாழ்நாளெல்லாம் அடக்கியதை அந்தக் கதவின்மீதும் காவலாளியின்மீதும் இறக்கினார்கள். கண்ணாடி சிதறியது. மெர்லினை வெளியே இழுத்தார்கள்.

சில நாட்களில் கதவைச் சரிசெய்தார்கள். கசிவு பெருகிக்கொண்டிருந்தது, யாராவது போய் மூடியை இறுக்க வேண்டும். பச்சை இல்லாத எவரும் உள்ளே போகக் கூடாது என்று மேலிடம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொருவராக வந்து கை வைத்தார்கள். கணக்குப்பிள்ளை சிவப்பு. செல்லக்கனி சிவப்பு. கட்டுப்போட்ட கையோடு வந்த பேச்சிமுத்துவும் சிவப்பு.

கடைசியாக, தாடையைக் கம்பியால் கட்டியிருந்த கனகசபாபதியை அழைத்து வந்தார்கள். அவர் கை வைத்தார்.

கதவு திறந்தது.

அவர் அசையாமல் நின்றார். யாரும் அவரைத் தள்ளவில்லை. தோளில் மாவுக்கட்டுடன் மெர்லின் மட்டும் முன்னால் வந்தாள். கனத்த கையுறைகளைக் கொண்டுவந்திருந்தாள்.

"மூடி சூடா இருக்கும் சார். இதப் போட்டுட்டுப் போங்க."

அவர் கைகளை நீட்டினார். அவற்றில் ஒரு தழும்புகூட இல்லை. அவள் இடது கையாலேயே, விரல் விரலாக, மாட்டிவிட்டாள்.