எண்ணெய் ஆறும் வரை

கல்லடிப் பாலத்தில் தொடங்கிய மழை யோசேப்பைத் துரத்திக்கொண்டு வந்து பீற்றிஸின் பலகாரக் கடைக்குள் தள்ளியது. தாயாருக்கு உடம்பு சரியில்லாததால் கடையில் அவள் மட்டும்தான். சொட்டச் சொட்ட நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள்... குனிய மறந்தே போனாள்.

சுடச்சுட ஒரு பயற்றம் பணியாரம் கொடுத்தாள். தின்று முடிப்பதற்குள் அவன் தன் கதையைக் கொட்டிவிட்டான். ஆசுபத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் அப்போத்திக்கரி உத்தியோகம். காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிள்ளைகள் கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார்களாம். இதைக் கொடுத்தால் ஆசையாகத் தின்பார்களே என்றான். போகிற போக்கில் அவள் கைப்பக்குவத்தையும் மெச்சிவிட்டுப் போனான். அன்று முழுக்கப் பீற்றிஸுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

மறுநாள், பிள்ளைகளுக்குப் பணியாரம் பொரித்துத் தரச் சொல்லி ஆசுபத்திரி எண்ணெயோடு வந்தான். கையில் ஒரு தொங்கு தராசு! பொரிக்கிற தாச்சியை எண்ணெயோடு அதில் தொங்கவிட்டு எடை நிறுத்தான். பொரித்து ஆறிய பிறகும் நிறுக்க வேண்டும் என்றான். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை, மனுஷன்.

பீற்றிஸின் முகம் சுண்டிப்போனது. யுத்த காலம், எண்ணெய்க்குத் தட்டுப்பாடு... 'நான் களவெடுப்பன் எண்டு நினைக்கிறாரா?' ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் வெளியே வாவிப் பக்கம் திரும்பிய நேரம், தன் போத்தலிலிருந்து தாச்சிக்குள் தாராளமாக ஊற்றிவிட்டாள்.

பொரித்து, ஆறவைத்து, நிறுத்துப் பார்த்தால்... எண்ணெய் கூடியிருந்தது! யோசேப் தராசைத் தட்டிப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"உங்கட எண்ணெய் குறையல்லத்தானே? சந்தோசமாப் போங்க," என்றாள் பீற்றிஸ்.

அடுத்த நாள் அவன் வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. டாக்குத்தர் கேலி செய்து அனுப்பிவிட்டாராம். பணியாரம் குடிக்கிற எண்ணெய்தான் பிள்ளைகளுக்குத் தெம்பாக, கலோரியாகச் சேரும். அது கூடினாலோ நோய்ப்பட்ட வயிறு தாங்காது. எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாவிட்டால் மறுபடியும் கஞ்சிதான்.

இதற்கா நிறுத்தான்? பீற்றிஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான்தான் ஊத்தினன்... என்னைச் சந்தேகப்படுறீங்க எண்டு நினைச்சு."

கோபிப்பான் என்று பயந்தாள். அவனோ, வாய் திறந்து சொல்லாதது தன் பிழை என்று தலை குனிந்தான். அந்தக் கணமே அவனை அவளுக்கு நிரம்பப் பிடித்துப்போனது.

மறுபடி நிறுத்தார்கள், மறுபடி பொரித்தாள். போத்தல் தொடுவாரின்றி மூலையில் கிடந்தது. கடைசிப் பணியாரத்தையும் வடித்தெடுத்தாயிற்று. இனி எண்ணெய் ஆற வேண்டியதுதான்... ஆனால் அது ஆறுகிற வழியாக இல்லை. யோசேப் குனிந்து பார்த்தான். பீற்றிஸ் அடுப்புக்குள் மெல்ல ஒரு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பொரிச்சு முடிஞ்சுதே... பிறகென்னத்துக்கு விறகு?"

அவள் நிமிரவே இல்லை.

"ஆறினா நிறுத்துப் பாத்திட்டுப் போயிருவீங்க..."

வெளியே மழை தூறத் தொடங்கியது. யோசேப் அந்தக் கொள்ளியை வெளியே இழுத்து அணைத்தான். பீற்றிஸ் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆறட்டும். பிள்ளைகளுக்கு அளவு வேணும்," என்றான். "நாளைக்குத் தராசில்லாம வாறன், பீற்றிஸ். உங்கள எனக்கு விருப்பமெண்டு உங்கட அம்மாக்கிட்டச் சொல்ல. வரட்டா?"

"ஓம்... வாங்க."

தாச்சி ஆறத் தொடங்கியது. பீற்றிஸுக்கு இப்போது அதைப் பற்றிக் கவலையே இல்லை.