முகத்துவாரத்து வெள்ளைத் துணி

மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தை லொறியிலிருந்து மணலில் இறக்கியபோது பின்னேரம் இரண்டு மணி இருக்கும். ஏறாவூரில் இருந்து மழைக்குள் வந்த மனிதன் ஒரு பிளேன்டீ குடிக்கட்டும் என்று யாரும் விடவில்லை. சுற்றி நின்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். முகத்துவாரம் வெட்டப் போனால் எப்போதும் இதே கரைச்சல்தான். வெட்டு என்று ஒரு கூட்டம், வெட்டாதே என்று ஒரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஏசுவது என்னை, ஏறாவூர்க் காக்காவை; முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். கோடையில் கடல் மணலை அள்ளிவந்து ஆற்றுக்கும் தனக்கும் நடுவே திடல் போட்டுவிடும். மாரி பிறந்தால் மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து வருகிற வெள்ளம் போக வழியில்லாமல் ஆற்றில் நின்று ஏறும். வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வேளாண்மை தாழும். கதிர் விரியாத குடலைப் பருவத்துப் பயிர் இரண்டு மூன்று நாள் தாங்கும், பிறகு அழுகிவிடும். ஆகவே திடலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். விட்டால் ஆற்றில் வளர்ந்த இறாலும் கூடவே ஓடிவிடும். அதனால் மீன்பிடிக்கிற ஆட்கள் கடைசி நிமிடம் வரை வலையோடு தண்ணீருக்குள்தான் நிற்பார்கள்.

அதற்காகவே ஒரு வழக்கம் இருந்தது. கடல் பக்கமிருந்து வாய்க்காலைத் தோண்டிக்கொண்டு வந்து, ஆற்றோரமாகக் கொஞ்சம் மணலை உடைக்காமல் விடுவோம். அதுதான் கடைசி வரம்பு. மீனவர் சங்கத்து ஆள் ஒருவர் தோணியில் போய், தண்ணீரில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கரையேற்றுவார். எல்லோரும் ஏறியதும் எதிர்க்கரையில் கண்ணா மரப் பற்றை முனையில் நின்று கம்பில் வெள்ளைத் துணியைத் தூக்குவார். துணியைக் கண்டால்தான் வரம்பை உடைக்கலாம். உடைந்தபிறகு அந்த இழுவையில் மனிதன் என்ன, மாடு அகப்பட்டாலும் கடலுக்குத்தான்.

போன மாரியில் துணி தூக்கப் போனவர் இராசதுரை அண்ணன்.

அவர் துணி தூக்கவில்லை.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கதை சொல்ல இப்போது எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு அஸர் தொழுகை நேரம் தவறிக்கொண்டிருந்தது. வயல்காரர்கள் இயந்திரத்தில் தட்டித் தட்டிக் கத்தினார்கள். எரிச்சலில் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாப் பற்றைக்கு மேலே வெள்ளையாக ஒன்று விரிந்தது. இயந்திரத்து வாளியை இறக்கி வரம்பை உடைத்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு போனபிறகுதான் அந்த வெள்ளை பறந்து போனது. கொக்கு.

இராசதுரை அண்ணன் அந்த நேரம் முனைக்குப் போகிற வழியில், ஆற்றின் நடுவில் இருந்திருக்கவேண்டும். தோணி கவிழ்ந்து மூன்றாம் நாள் கடற்கரையில் ஒதுங்கியது. அவர் ஒதுங்கவே இல்லை.

விசாரித்தவர்களிடம் துணியைக் கண்டதாகச் சொன்னேன். ஒரே ஒரு சொல். அதை வைத்து ஊர் மீதிக் கதையைக் கட்டிக்கொண்டது. துணியைத் தூக்கிவிட்டு இறால் ஆசையில் திரும்ப இறங்கியிருக்கிறான், பேராசை பிடித்தவன் என்றார்கள். எத்தனையோ பேரைக் கரையேற்றிய மனிதனுக்கு அப்படி ஒரு பெயர். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த முறை துணி தூக்கப் போயிருப்பவன் அவருடைய மகன் பிரதீஸ் என்று மணலில் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இருபத்தைந்து வயது. தானே கேட்டு வாங்கிக்கொண்டானாம். அப்பாவின் பெயரைத் துடைக்கப் பார்க்கிறான் என்று விளங்கியது. போன வருடத்துக்குப் பிறகு சங்கம் துணிக்காரனின் கழுத்தில் பொலித்தீன் பையில் போனும் கட்டிவிடுகிறது. இலக்கத்தை வாங்கிப் பதிந்துகொண்டேன்.

வாய்க்கால் பாதி தோண்டியபோது புஸ்பம் அக்கா வந்தார். இராசதுரை அண்ணனின் மனைவி. இயந்திரத்துக்குக் கீழே நின்று பிளாஸ்கை நீட்டினார்.

"தேத்தண்ணி குடிங்க தம்பி. மகனும் நீங்களும்தானே இண்டைக்கு வேல."

வாங்கினேன்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டா? அவரக் கடைசியாக் கண்டது நீங்கதானே. துணி தூக்கக்குள்ள எப்பிடி இருந்தார்? களைச்சுப் போய் இருந்தாரா?"

ஒரு வருடமாக அந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"நல்லாத்தான் நிண்டார் அக்கா," என்றேன்.

"அது போதும்," என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அந்தத் தேநீரை மணலில் ஊற்றினேன்.

நாலரை மணிக்குக் கடைசி வரம்புக்கு வந்துவிட்டேன். மேகம் கறுத்து இறங்கி நடு ஆறு மங்கிப்போயிருந்தது. ஆறு திடலின் விளிம்புவரை ஏறி, ஆற்றுவாழைக் குப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றது. கண்ணாச் சேற்றின் அழுகிய முட்டை நாற்றம் காற்றே இல்லாமல் வந்தது. மழைக்கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோணிகள் ஒவ்வொன்றாகக் கரை தட்டின. கடைசி மீன்பிடித் தோணியும் வந்தது.

கடல் இரைச்சல் குறைந்தது.

அப்படிக் குறைவதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பின்னால் அலை அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. இறக்கை அடித்துக்கொண்டிருந்த நீர்க்காகங்களும் அடங்கிவிட்டன.

எதிரே வெள்ளைத் துணி எழுந்தது.

"துணி தெரியுது, உடையுங்க!" என்று அதிகாரி கத்தினார். வயல்காரர்கள் கூச்சலிட்டார்கள். என் கை விசையில் இருந்தது. போன வருடத்துப் பயத்தில் இன்னொரு முறை கூர்ந்து பார்த்தேன். கொக்கு இல்லை. துணியேதான், கம்பும் தெரிந்தது, பிடித்திருக்கும் ஆளும் தெரிந்தது.

ஆனால் ஆள் முனையில் இல்லை.

முனைக்கு இந்தப் பக்கம், தண்ணீருக்குள், இடுப்பளவில் நின்றது.

அந்த இடம் இரண்டு ஆள் ஆழம்.

விசையிலிருந்து கையை எடுத்துப் போனை அடித்தேன். நாலைந்து முறை மணியடித்து எடுத்தான். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"பிரதீஸ், எங்க நிக்கிறாய்?"

"சத்தம் போடாதீங்க காக்கா." குரல் குசுகுசுத்தது. "நான் இன்னும் தோணியில. நடு ஆத்துல."

"துணிய நீயா தூக்கினாய்?"

"இல்ல. துணி என்ட மடியில கிடக்கு."

கெபினுக்குள் குளிர்ந்துவிட்டது.

"அப்பா நிக்கிறார் காக்கா," என்றான். "எனக்கு முன்னால நிண்டு துணி தூக்குறார். தோணி நகருதில்ல. சவள் போட்டு வலிக்கிறன், நகருதில்ல."

கீழே அதிகாரி இயந்திரத்தில் தட்டினார். "என்னப்பா யோசன? வட்டையெல்லாம் அழுகுது!" யாரோ ஒருவன் தான் ஏறி உடைப்பதாகப் படியில் கால் வைத்தான். கதவை இழுத்துப் பூட்டினேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துணியைக் கண்டேன் என்று சொன்னவன் நான். இதோ, துணி. இப்போது கண்டுவிட்டாயே, வெட்டு என்கிறார் இராசதுரை அண்ணன். வெட்டினால் நடு ஆற்றில் இருக்கும் பிள்ளையும் அவரோடு போய்விடும். என் பொய்யை மெய்யாக்கித் தருகிறார், விலை அவருடைய மகன். ஒரு தகப்பன் இப்படியும் செய்வானா என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடம் அந்தத் தண்ணீருக்குள் கிடந்தவன் தகப்பனாகவே இருப்பானா என்றும் தெரியாது.

"பிரதீஸ், போன லவுட்ல போடு."

"காக்கா?"

"போடு மனே. அவருக்குக் கேக்கட்டும்."

கதவுக்கு வெளியே கூட்டம் அடித்துக்கொண்டிருந்தது. நான் போனை வாயோடு ஒட்டிக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னேன்.

"இராசதுரை அண்ணே, நீங்க துணி தூக்கல்ல. நான் கொக்கக் கண்டுத்து வெட்டினன். துணியக் கண்டனெண்டு பொய் சொன்னன். நீங்க இறாலுக்கு இறங்கல்ல. என்ட பிழதான். பிள்ளைய விடுங்க."

எதிர்ப்பக்கத்தில் தண்ணீர் தோணியில் மெல்லத் தட்டுகிற சத்தம்.

பிறகு பிரதீஸ் சொன்னான். "கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

துணி மெதுவாகச் சாய்ந்தது. ஆளும் தாழ்ந்தது. நடந்து ஆழத்துக்குப் போகிறவர் தாழ்வதுபோல, நெஞ்சு, தோள், தலை.

கடல் இரைச்சல் ஒரேயடியாகத் திரும்பி வந்தது.

பிரதீஸ் கரைக்கு வலித்துவர கால் மணித்தியாலம் எடுத்தது. அதுவரை நான் கதவைத் திறக்கவில்லை, எத்தனை ஏச்சு விழுந்தும் வாளியை அசைக்கவில்லை. அவன் மணலில் காலை வைத்த பிறகு வரம்பை உடைத்தேன். ஆறு கடலுக்குள் பாய்ந்தது. வயல்காரர்கள் கைதட்டினார்கள். கூட்டத்துக்குள் ஒருவரும் அந்த உருவத்தைப் பற்றிப் பேசவில்லை. துணி தெரிந்தது, இந்தக் காக்கா பயந்து நேரத்தைக் கடத்தினார், அவ்வளவுதான் அவர்களுக்கு.

பிரதீஸ் என்னருகே வந்து நின்றான். கொஞ்சம் தள்ளிப் புஸ்பம் அக்கா ஒரு துவாயோடு அவனுக்காகக் காத்திருந்தார்.

"அம்மாட்ட நான் சொல்லமாட்டன் காக்கா," என்றான். "நீங்களே சொல்லுங்க. சங்கத்துக்கும் நீங்கதான் சொல்லோணும்."

"ஓம். சொல்றன்."

"இப்ப சொல்றீங்களா?"

புஸ்பம் அக்காவைப் பார்த்தேன். நல்லாத்தான் நிண்டார் என்று அவருக்குச் சொல்லி மூன்று மணித்தியாலம் ஆகவில்லை.

"நாளைக்கு வீட்ட வாறன்," என்றேன், அவருக்கும் கேட்கும்படி.

பிரதீஸ் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எனக்குப் பின்னால் இயந்திரத்தைப் பார்த்தான்.

"அப்பா கடலுக்குப் போகல்ல காக்கா," என்றான் தாழ்ந்த குரலில். "தண்ணிக்குள்ள தாண்டுபோய் மறுகா எழும்பினார். திடல்ல ஏறி உங்கட பக்கம்தான் நடந்தார். நான் கண்டன்."

அது மார்கழி. இப்போது பங்குனி பிறந்துவிட்டது. நான் நாளைக்கு என்று சொன்ன நாள் இன்னும் வரவில்லை. வேலை கேட்டு வாங்கிக்கொண்டு அதே இயந்திரத்தோடு புணானைப் பக்கம் கல் உடைக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். சுற்றிவரக் காய்ந்த காடு. ஆறு இங்கிருந்து பல மைல். மழை கண்டு ஆறு வாரம் ஆகிறது.

வந்த முதல் வாரம் காலையில் கெபின் கதவைத் திறந்தபோது தரை நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை, ஆற்றுத் தண்ணீர். அடுத்த வாரம் கால்மிதிக்கு மேலே சுற்றிவரச் சேற்றுக்கோடு. வெள்ளம் வற்றிய வீட்டுச் சுவரில் நிற்குமே, அந்தக் கோடு. கழுவினேன். மறுநாள் அது இன்னும் நாலு விரல் ஏறியிருந்தது. மூலையில் விரல் நீள இறால் ஒன்று உயிரோடு துள்ளிக்கொண்டு கிடந்தது. என்னோடு வேலை செய்கிற உசனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கோட்டையும் பார்த்தான், இறாலையும் பார்த்தான். அன்றே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

கோடு ஏறுகிறது. வடிகிற வழி எதுவென்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் காலை ஆறரை பஸ்ஸுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு றோட்டுவரை போகிறேன். பஸ் நிற்கிறது. புஸ்பம் அக்காவின் முகம் நினைவுக்கு வருகிறது. பஸ் போய்விடுகிறது. கோழை என்று என்னை நானே ஏசிக்கொண்டு திரும்புகிறேன்.

இன்று காலை கதவைத் திறந்தேன். கோடு நான் உட்கார்ந்தால் கழுத்து வருகிற இடத்தில் நின்றது. இருக்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நடுவில் யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, என் பல்லு கிட்டியது.

"நாளைக்குக் கட்டாயம் போறன் அண்ணே," என்று வெறும் கெபினைப் பார்த்து உரத்துச் சொன்னேன்.

பின்னாலிருந்து, என் காதுக்குப் பக்கத்தில், ஈரமான ஒரு குரல் மிகவும் பொறுமையாகச் சொன்னது.

"புஸ்பம் இண்டைக்கும் வழி பாத்துக்கொண்டு இரிக்கிறா தம்பி."