போர்வையின் மறுமுனை

இரண்டு விரலை மடக்கி, நாக்குக்கு அடியில் வைத்து அவள் அடித்தது இரண்டே இரண்டு விசில். குட்டையாக... சுருக்கென்று...

அடுத்த நொடி அரசவைக்கு நடுவே ஒரு காடு இறங்கியது!

காடு என்றால் துணியில் எழுதிய காடு. மேடைக்கு மேலே, பரணுக்குப் பக்கத்தில் சுருட்டிக் கட்டியிருந்த படுதா. மரமும் கொடியும் இரண்டு மானுமாக அது விர்ரென்று அவிழ்ந்து வர, அதன் அடியில் கோத்திருந்த கனத்த கட்டை நேராகத் தங்கச்சியின் தலையைப் பார்த்து வந்தது.

"அடியே... நகருடி!"

சின்னவள் நகரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தாள். கட்டை அவள் உச்சிக்கு ஒரு சாண் உயரத்தில் வெடுக்கென்று நின்றது. நின்று, ஊஞ்சல் மாதிரி ஆடியது.

அக்காவும் தங்கையும் அந்த நாடகக் கொட்டகைக்கு வந்தது நடிக்க அல்ல, துவைத்த உடுப்புகளைக் கொடுக்க. இருவரும் சலவைக்கூடத்துப் பெண்கள். நீராவியிலும் சோடாத் தண்ணீரிலும் வெந்த கைகள். அங்கே இயந்திரம் போடுகிற சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது. அதனால் எல்லோரும் விசிலில்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு குட்டை விசில் என்றால் 'இங்கே வா'. உடுப்பு மூட்டையைப் பிரித்து ஆணிகளில் மாட்டி முடித்துத் திரும்பினால், மேடைப் பைத்தியம் பிடித்த தங்கச்சி ஒத்திகைக்கு நடுவில் போய் நிற்கிறாள். கூப்பிடாமல் என்ன செய்வது? பழக்கத்தில் விரல் தானாக வாய்க்குப் போய்விட்டது.

பெரியவள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வரவேண்டுமே! சின்னவளின் கண்கள் எதிரே இருந்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டன. நாடக முதலாளி, நடிகர்கள், வாத்தியக்காரர்கள்... இத்தனை பேர் தன்னை ஒரே நேரத்தில் பார்ப்பது அவளுக்கு ஆயுளில் முதல் தடவை. அரியணை மேல் கிடந்த சால்வையை உருவி ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அக்கா கையில் திணித்தாள்.

"முறுக்குக்கா!"

பத்து வருஷப் பழக்கம். கையில் ஒரு முனை வந்துவிட்டால் பெரியவளின் மணிக்கட்டு அவளைக் கேட்காமலே திரும்பிவிடும். மணிக்கட்டு திரும்பினால் பாட்டும் வந்துவிடும். துணி பிழியும்போது பாட அவளே கட்டின சண்டைப் பாட்டு அது.

"வலப்பக்கம் நான் முறுக்க, இடப்பக்கம் நீ முறுக்க,
நடுவில கண்ணீர் விடுதே, யார் வீட்டுப் போர்வையோ!" என்று சின்னவள் இழுத்தாள்.

"எவன் வீட்டுப் போர்வையோ, எத்தனை நாள் அழுக்கோ,
வாய மூடி முறுக்குடி, வயிறு ரெண்டும் காயுது!" என்று பெரியவள் நிஜக் கோபத்தோடு பதில் கொடுத்தாள்.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாரும்மா நீங்க ரெண்டு பேரும்? இதே சண்டைய, நிஜப் போர்வையோட, இதே காட்டு முன்னாடி போட முடியுமா? பத்து நாள்ல நாடகம்!"

சின்னவள் சந்தோஷத்தில் அழவே ஆரம்பித்துவிட்டாள். பாட்டுக் கட்டுகிறவள் நான்தான் என்று ஒருநாளாவது நாலு பேருக்குத் தெரியாதா என்ற ஏக்கம் பெரியவளுக்கும் உண்டு. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் மேலே இருந்து ஏணி வழியாக இறங்கி வந்தான் அவன், படுதாவை ஏற்றி இறக்குகிற கயிறுக்காரன். நெடுநெடுவென்ற உயரம். நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். கண்கள் மட்டும்... மழை வரப்போகிற சாயங்காலம் மாதிரி, கறுத்து, நனைந்து... நேராக அவளைப் பார்த்தன.

"என்னய்யா ஆச்சு?" என்றார் முதலாளி.

அவன் சின்னவளின் அழுது சிரிக்கிற முகத்தைப் பார்த்தான். "கை வழுக்கிடுச்சுங்க" என்றான்.

பெரியவளுக்கு அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாகக் கிளம்பியது.

"வழுக்குமா? என் தங்கச்சி தலை என்ன தேங்காயா? கயிறு பிடிக்கத் தெரியாதவன் எதுக்கய்யா மேல ஏறுறே? கையா அது, இல்ல வெண்ணெயா?"

அவன் கைகளை முன்னால் கொண்டுவரவே இல்லை.

"நாளையிலேருந்து நீ போஸ்டர் ஒட்டு. ஒட்டுறவன் மேல ஏறட்டும்" என்றார் முதலாளி.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் அவள். ஆனால் அன்று முழுக்க இஸ்திரி போடும்போதெல்லாம் அந்தக் கண்கள் குறுக்கே வந்தன. ச்சே... இதென்ன தொல்லை!

நாலாம் நாள் ஒத்திகை முடிந்து, உடுப்புக்குப் பொத்தான் தைக்கிற தையல்காரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"வெண்ணெய்க் கைய எங்கம்மா காணோம்?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

தையல்காரம்மா ஊசியைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தாள். "தெரிஞ்சு கேக்கிறியா, தெரியாம கேக்கிறியா?"

"என்ன தெரியணும்?"

அந்த அம்மாள் எழுந்துபோய், ஆணியில் மாட்டியிருந்த உடுப்புகளை ஒரு கையால் ஒதுக்கினாள். பெரியவள் துவைத்து, தன் கையாலேயே மாட்டின உடுப்புகள். அவற்றுக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. 'மேடையில் விசில் அடிக்கக் கூடாது. மீறினால் வெளியேற்றப்படுவர்.'

"இங்க சத்தமாப் பேசினா நாடகம் கெட்டுப்போகும்னு, பரணுக்கு விசில்லதான் சொல்லுவாங்க. அதான் வேற யாரும் அடிக்கக் கூடாது. ரெண்டு குட்டை விசில்னா 'காட்டை இறக்கு'. அவன் இறக்கினான். வாத்தியச் சத்தத்துல கீழ யாருக்கும் கேக்கல. ஓரத்துல இருந்த எனக்குக் கேட்டுச்சு."

அவள் பலகையை மறுபடி ஒரு தடவை படித்தாள்.

"பாதியில தங்கச்சியப் பாத்துட்டான். ஓடுற கயிற வெறுங்கையால பிடிச்சு நிறுத்தினான். ரெண்டு உள்ளங்கையும் உரிஞ்சு போச்சு. அதத்தான் நீ வெண்ணெய்னு சொன்னே."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

குடையை எடுக்கத் தோன்றவில்லை. மூன்று தெரு தேடினாள். கடைசியில் ஒரு மருந்துக் கடையின் நீண்ட சுவரோரம், ஏணியில் நின்றபடி அவன் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். கையில் அழுக்கேறின துணிக்கட்டு. பசை மழையில் கரைய, போஸ்டர் மெல்ல வழுக்கிக் கீழே வந்தது. அதில் அவளும் தங்கச்சியும்! சொந்த மூக்கே சுவரில் சறுக்கி வருவதைப் பார்த்து அவளுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. ஓடிப்போய் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

அவன் குனிந்து பார்த்தான். அந்த மழைக் கண்ணில் ஒரு சிரிப்பு மின்னிப் போனது.

"ஏணியப் பிடிக்கட்டுமா?" என்றாள்.

"வேணாங்க... பயமா இருக்கு. நீங்க பாட்டுக்கு விசிலடிச்சுட்டீங்கன்னா?"

"அப்ப... தெரிஞ்சேதான் அன்னிக்கு வாய மூடிட்டு நின்னீங்களா?"

"நீங்க மூடினாத்தானே நான் திறக்கிறதுக்கு!"

"விளையாடாதீங்க. நான்தான்னு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அப்பவே வாசலுக்கு அனுப்பியிருப்பாரு. உங்க தங்கச்சி முகத்தப் பாத்தேன். அப்புறம்..." அவன் இறங்கி வந்தான். "அந்தப் பாட்ட இன்னொரு தடவ கேக்கணும் போல இருந்துச்சு. யார் கட்டினது?"

பத்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. பொங்கி வந்ததை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி சீறுவதுதான்.

"உங்க இரக்கத்துல நான் மேடை ஏற வேணாம். நாளைக்கே முதலாளிகிட்ட உண்மையச் சொல்லிடுவேன்."

"சொல்லாதீங்க... ஆசையா இருக்காங்க தங்கச்சி."

"கையக் காட்டுங்க."

"வேணாம்."

"காட்டுங்கன்னா!"

கடை ஓரம் ஒதுங்கி அந்தக் கட்டைப் பிரித்தாள். பசையும் அழுக்கும் ஒட்டிச் சிவந்த சதை. சூடு பட்ட கைகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அவற்றில் ஒன்றும் தனக்காகப் பட்டதில்லை. மருந்துக் கடையில் பஞ்சும் தண்ணீரும் வாங்கி ஒற்றித் துடைத்தாள். இடுப்பில் செருகியிருந்த, நூறு தடவை துவைத்து மெத்தென்றான பழைய போர்வைக் கிழிசலை இரண்டாகக் கிழித்துக் கட்டினாள். நன்றி என்ற வார்த்தை நாக்கு வரை வந்து திரும்பிப் போனது.

அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனிடம் போய் நன்றி என்றால் பாரம் இறங்கிவிடுமா? மறுமுனையைப் பிடிப்பார்கள். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த நன்றி.

அன்று கடைசிப் போஸ்டர் வரைக்கும் மறுமுனையை அவள்தான் பிடித்தாள். இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். அவள் விரலும் அவன் கட்டும் பசையில் ஒட்டிக்கொண்டபோது... யாரும் அவசரப்பட்டுப் பிரிக்கவில்லை.

அன்று ராத்திரி, சலவைக்கூடத்துக்கு மேலே அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில், சின்னவள் கண்ணாடி முன்னால் வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் போய் ஒத்துக்கிட்டா நமக்கு மேடை கிடைக்காதுடி."

சின்னவள் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என் கழுத்து மேல இருக்கிறதே அவராலதானேக்கா... தலை இருந்தா இன்னொரு கொட்டகை. நீ போய்ச் சொல்லு." கொஞ்சம் யோசித்துக் கேட்டாள். "ஆமா, அவர் பேச்ச எடுத்தா உன் மூக்கு ஏன் செவக்குது?"

"மழைடி!"

"அறைக்குள்ளயா?"

மறுநாள் காலை முதலாளி எதிரில் போய் நின்றாள். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"அன்னிக்கு விசில் அடிச்சது நான்தான். அவர் கை வழுக்கல. எங்கள அனுப்பிடுங்க. அவர மேல ஏத்துங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ரயிலடி வரைக்கும் உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் ஒட்டியிருக்கான் அந்த மடையன். ஒரு சுவர விடல. இப்ப உங்கள அனுப்பிட்டா அத்தனையும் யார் கிழிக்கிறது?"

"அப்படின்னா..."

"அப்படின்னா போய் ஒத்திகை பாருங்க. அவன் கை ஆறினதும் மேல ஏறட்டும். பலகைய மறைச்சு உடுப்பு மாட்டினது யாரு?"

"அதுவும் நான்தான்."

"ஆணிய வேற சுவத்துல அடி. அதான் உனக்குத் தண்டனை."

தண்டனையாக ஊரில் உள்ள எல்லாச் சுவரிலும் ஆணி அடித்துக் கொடுத்திருப்பாள், அத்தனை சந்தோஷம்.

நாடகம் பத்தாம் நாள் மதியம் நடந்தது. காட்டுக்கு முன்னால் அக்காவும் தங்கையும் ஈரப் போர்வையை முறுக்க, தண்ணீர் முன்வரிசை மேல் தெறிக்க, கொட்டகை சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. சின்னவள் மூன்று தடவை வணக்கம் சொன்னாள். நான்காவது தடவை சொல்லப்போனவளை உள்ளே இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. முதலாளி மேடைக்கு வந்து, "பாட்டுக் கட்டினது பெரியவங்க" என்று சபைக்குச் சொன்னார். அவருக்கு அதைச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும். ஓரத்தில், வெள்ளைக் கட்டுப் போட்ட இரண்டு கை சத்தம் வராமல் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை, மேடையில் காயப்போட்ட போர்வையை எடுக்க வந்தார்கள். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சரிந்து விழுந்தது. பரணில், கயிறுக்காரனுக்குப் பதிலாக ஏறியிருந்த போஸ்டர்காரர் கயிற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உயரம் என்றாலே நடுங்குகிற மனிதர். இன்றோடு விட்டது என்று மேலே இருந்தே எல்லோருக்கும் நல்வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார்.

கயிறுக்காரன் மேடை ஓரத்தில் நின்றான். கட்டு இல்லை. உள்ளங்கையில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக ஓடியிருந்தது.

"அக்கா, எனக்குக் கால் வலிக்குது. மடிக்கிறதுக்கு வேற ஆளப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு சின்னவள் துள்ளிக் குதித்து ஓடினாள். கால் வலிக்கிற ஓட்டமா அது!

பெரியவள் போர்வையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். இரண்டு பேருக்கும் நடுவே முழுப் போர்வை நீளம் இருந்தது.

ஒரு மடிப்பு... ஒரு எட்டு முன்னால்.

"நாளைக்கு மேல ஏறிடுவேன்" என்றான்.

"ஏறுங்க. அதுக்குத்தானே சண்ட போட்டேன்."

"அங்கேருந்து பாத்தா உங்க உச்சந்தலைதான் தெரியும். கண்ணு தெரியாது."

இரண்டாம் மடிப்பு... இன்னொரு எட்டு.

"கண்ணுல என்ன இருக்கு? நீராவியில வெந்த கண்ணு."

"அந்த வெந்த கண்ணுதான் பதினோரு நாளா என்னைத் தூங்க விடல."

மூன்றாம் மடிப்பு. விரலோடு விரல் தொட்டது. போர்வை கையகலமாகிவிட்டது. இனி மடிக்க ஒன்றுமில்லை. யாரும் விடவும் இல்லை.

"எனக்கு நன்றி சொல்லத் தெரியாது..." அவள் குரல் தன்னாலே தாழ்ந்தது. "எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. ஆனா... தங்கச்சி ஒருநாள் பெரிய கொட்டகைக்குப் போயிடுவா. அப்புறம் எனக்கு மறுமுனையப் பிடிக்க ஆள் வேணும். ஆயுசு பூரா. வெண்ணெய்க் கையா இருந்தாலும்... பரவால்ல."

அந்தக் கறுத்த கண்களில் இத்தனை நாள் கட்டிக்கொண்டு நின்ற மழை பெய்தே விட்டது. பெய்துகொண்டே சிரித்தான். சிரித்த வாயிலிருந்து, அவனையும் மீறி, மெல்ல இரண்டு விசில்... குட்டையாக... சுருக்கென்று...

மேலே கப்பி கிறீச்சிட்டது. போஸ்டர்காரர் பயந்து பயந்து, அங்குலம் அங்குலமாகக் காட்டை இறக்கினார். மரங்கள் வந்தன. கொடிகள் வந்தன. இரண்டு மானும் வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றன.

உள்ளறையிலிருந்து முதலாளியின் குரல் இடித்தது.

"எவன்டா அங்க விசில் அடிச்சது?"

போர்வையை விடாமல், இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்:

"நான்தான்!"