மனத்துலாவின் எடைக்கல்

காலை ஏழு மணிக்கு மனத்துலாவைச் சரிபார்க்காவிட்டால் ஆழ்கடற்சிறையில் ஒரு விசாரணையும் நடக்காது. அறைக்குள் யார் வாய் திறந்தாலும் துலா எடைபோடும். சொல்லும் மனமும் ஒன்றென்றால் பச்சை விளக்கு, வேறென்றால் சிவப்பு. ஆனால் எந்தத் தராசுக்கும் எடைக்கல் வேண்டுமே! பெயர், ஊர் மாதிரியான சில்லறை உண்மைகள் அதற்குப் போதாது. உயிரே போனாலும் மாற்றிச் சொல்லாத ஓர் உண்மையைத் தினமும் ஒருவர் அதன் முன் சொல்ல வேண்டும்.

சட்டப்படி அதைச் சொல்ல வேண்டியவள் துலாக்காரி பூங்கோதை. "பொதுநெறியே என் நெறி" என்ற அரசு மதத்தின் உறுதிமொழியை வேலையில் சேர்ந்த முதல் நாள் சொன்னாள். சிவப்பு எரிந்தது. நல்லவேளை, அறையில் வேறு யாருமில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவன் அதிகாரிகள் எதிரில் அப்படி மாட்டிக்கொண்டு இப்போது கீழ்த்தளத்தில் கம்பி எண்ணுகிறான்.

பிறகுதான் தணிகாசலத்தைத் தேடிப் பிடித்தாள். பஹாய் சமயத்தவர். பொதுநெறியில் சேர மறுத்து ஒன்பது ஆண்டுகளாக உள்ளே இருப்பவர். "நான் பஹாய் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே விடுதலை. அந்தக் கையெழுத்தை யாரும் துலாவில் வைத்துப் பார்ப்பதுமில்லை. ஆனால் கேட்டால் மறைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தெஹ்ரான் நிலவறையில் சங்கிலியில் கிடந்த அவர்களின் முன்னோரும் மறுக்கவில்லையாம். அன்று முதல் ரகசியமாக அவர்தான் துலாவுக்கு எடைக்கல்.

"டீ குடிக்கிறீங்களா, அண்ணே?"

"நோன்பும்மா. பொழுது சாயட்டும்." அவர் உட்கார்ந்தார். "நாளைக்கழிச்சு எங்க புத்தாண்டு. ஒன்பது வருஷம் முடிச்சவங்களுக்கு மன்னிப்புத் தாள் வந்திருக்குன்னு காவலருங்க பேசிக்கிட்டாங்க. எம் பேரு இருக்காம்மா? மக ரூஹியா மேல படகுத்துறையில காத்துக்கிட்டு இருக்கா."

தாள் வந்து மூன்று நாளாகிறது. அதில் முதல் பெயரே அவருடையது. துலாக்காரியின் ஒப்பம் கேட்டிருந்தார்கள். 'விடுதலைக்குத் தகுதியற்றவர்' என்று எழுதி நேற்றே அவள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"இல்லண்ணே. உங்க பேரு வரல."

சிவப்பு எரிந்தது.

தணிகாசலம் விளக்கைப் பார்த்தார். அவர் வாக்கை வைத்தே தினமும் சரிசெய்த விளக்கு. பூங்கோதை தலை நிமிரவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"நான் போயிட்டா இந்த மெஷினுக்கு வேற யாரு?" என்றார்.

"யாருமில்லண்ணே. அப்புறம் நானும் கீழ்த்தளம்தான்."

பச்சை.

அவர் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். துலா கெடும், அவள் தொலைவாள், அவள் எழுதிய மறுப்பும் செல்லாமல் போய் அவருக்கு வீடு போக வழி பிறக்கும். இது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"ஏழாகுது. கேளும்மா."

"நீங்க... பஹாயா?"

அவர் மறுபடி விளக்கைப் பார்த்தார்.

"ஆமாம்மா."

பச்சை விளக்கு அசையாமல் நின்றது. 'துலா சரியாக இருக்கிறது' என்று பதிவேட்டில் எழுதினாள்.

அழைத்துப்போகக் காவலர் வந்ததும் அவர் எழுந்தார்.

"காத்திருக்க வேணாம்னு ரூஹியாகிட்ட சொல்லிடும்மா," என்றார். "ஏன்னு கேப்பா. அவகிட்டயாவது உள்ளதைச் சொல்லு."

"சொல்றேண்ணே," என்றாள் பூங்கோதை.

சிவப்பு எரிந்தது.