சிவப்புக் கோடும் வடதுருவக் காற்றும்

மதுஷா ஒரு கிழமையாக வரைந்த படத்தின் குறுக்கே பெரிய சிவப்புக் கோடு கிடந்தது.

"ஆர் கீறினது?"

"நான்தான்," என்றான் ஏழாம் வகுப்பு மாணவர் தலைவன் லக்ஷன். விஞ்ஞானக் கண்காட்சிக்கான படங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு அவனுடையது. "பனிக்காலத்திலை வடதுருவத்துக்கு மேலை வானம் சூடாகுமாம்! மேலை போகப் போகக் குளிரும். நுவரெலியாவிலை நான் நடுங்கினனான்."

"நுவரெலியா இரண்டு கிலோமீற்றர் உயரம். நான் எழுதினது முப்பது கிலோமீற்றருக்கு!"

"அங்கை அடுப்பு மூட்டினது ஆர்? உன்ரை மாமாவோ?"

வகுப்பே சிரித்தது. மதுஷாவின் காதுகள் எரிந்தன. கோடு விழுந்த படம் நாளை கண்காட்சியில் தொங்காது. வாலை மிதித்தவன் மறந்துவிடுவான், பூனை மறக்காது.

பள்ளி விட்டதும் அவள் சைக்கிள் கொட்டிலுக்கு ஓடினாள். லக்ஷனின் முன்சில்லுக் காற்றைத் திறந்துவிட்டாள். அது சீறியபோது மனம் குளிர்ந்தது. அரை நிமிடம்தான் குளிர்ந்தது.

லக்ஷன் வந்து சில்லைப் பார்த்தான். "ஐயோ, நான் கூட்டப் போகாட்டில் தங்கச்சி அளவெட்டிப் பள்ளிக்கூட வாசலிலை தனிய நிப்பாளே!"

அந்தச் சின்னவள் மீது மதுஷாவுக்கு எந்தக் கோபமும் இல்லை.

"நான்தான் திறந்துவிட்டனான். தள்ளி நில்!" என்று வெடித்தாள்.

காவலாளியிடம் காற்றடிக்கும் பம்மை வாங்கி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். இருபது, முப்பது, நாற்பது... திடீரெனக் கையை உதறினாள். பம்மின் அடிப்பக்கம் சுட்டது.

அவள் கண்கள் விரிந்தன. "இதைத் தொடு!"

"ஏன்?"

"தொடு எண்டால் தொடு!"

தொட்டான். "ஆ! சுடுது!"

"இங்கை ஆர் அடுப்பு மூட்டினது? காற்றை நெருக்கினால் சூடாகும். பனிக்காலத்திலை வடதுருவத்தைச் சுத்தி, நல்ல உயரத்திலை ஒரு பெருங்காற்றுச் சுழலும். கீழையிருந்து எழும்புற காற்றலைகள் சில வருசம் அதைக் குழப்பிவிடும். அப்ப துருவத்துக்கு மேலை இருக்கிற காற்று இறங்கி நெருக்குப்படும். சில நாளிலையே வெப்பநிலை நாற்பது, ஐம்பது பாகை ஏறும். அப்பவும் உறைகிற குளிர்தான். ஆனால் முந்தினதைவிடச் சூடு!"

லக்ஷன் விரலை ஊதினான். "இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"கீற முந்தி நீ கேட்டிருக்கலாமே?"

அவன் தலையைச் சொறிந்தான். சைக்கிளில் ஏறிப் பறந்தான்.

அன்று மாலை லக்ஷன் தன் தங்கையோடு மதுஷாவின் வீட்டுக்கு வந்து, புதிய தாளில் படம் முழுவதையும் அவனே பார்த்து வரைந்தான். மறுநாள் விஞ்ஞான ரீச்சர் அதைக் கண்காட்சி மண்டப வாசலிலேயே தொங்கவிட்டார். வந்தவர்கள் எல்லோருக்கும் லக்ஷன் வியர்க்க வியர்க்கப் பம் அடித்துக் காட்டினான்.

"போதுமோ, மதுஷா?"

"இன்னும் அடி," என்றாள் அவள். "கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கு."