துணையாள்

அந்தச் செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா தங்கச்சியைக் கேட்கவில்லை.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. வழக்கம்போல ஒன்பது கேள்வி. தூக்கம் கெடுகிறதா, பசி மந்தமா, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறதா, இப்படி. இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. மனுஷன் மனசைப் பூஜ்யத்துக்கும் மூன்றுக்கும் நடுவில் அடைத்துவிடலாம் என்று படித்தவர்கள் நம்புகிறார்கள். லிஃப்ட்காரருக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் பதில் சொன்னார். ஒன்பது முடிந்ததும் "தங்கச்சிகிட்ட குடுங்கய்யா" என்பாள், இவர் ஒரு சாக்குச் சொல்வார். பத்து வாரமாக நடப்பது அதுதான். இன்று, "சரிங்கய்யா, அடுத்த வாரம் கூப்பிடுறேன்" என்றாள்.

"ஏம்மா, தங்கச்சியைக் கேக்கலையா?" வாய் சும்மா இருக்கவில்லை.

"அதான் காலைலயே அவங்களே கூப்பிட்டாங்களே! நீங்க பால் வாங்கப் போயிருக்கீங்கன்னாங்க. காது மந்தம்னு நீங்க சொன்னது சரிதான், யப்பா, என்னா சத்தம்!" சிரித்தாள். "உங்க மேல உசிரையே வச்சிருக்காங்கய்யா."

லிஃப்ட்காரருக்குத் தங்கச்சி கிடையாது.

வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. கல்யாணமும் கட்டிக்கொள்ளவில்லை. நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். தரைத்தளத்தில் நின்று காதைக் கொடுத்தால் போதும், மேலே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு கேட்பதற்குச் சத்தமில்லை. சில வாரங்களில் கடைக்காரனிடம் "ஒரு பால் பாக்கெட்" என்று சொன்னதுதான் அவருடைய மொத்தப் பேச்சு. ஆஸ்பத்திரியில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஆராய்ச்சி நடக்கிறது, சேர்ந்தால் ஒரு வருஷத்துக்கு வாராவாரம் போன் போட்டு விசாரிப்பார்கள் என்றார்கள். அவர் சேர்ந்தது அந்தப் போனுக்காக. மாத்திரையில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாதாம். "ஏமாத்துறதையும் கண்ணைக் கட்டிக்கிட்டு ஏமாத்துறீங்க" என்றதற்கு நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் அவர் காதிலேயே கிடந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. நோயாளி சொல்வது போதாது, கூடக் குடியிருக்கிற ஆள் ஒருவரும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணையாள் என்று அதற்குப் பெயர். தனியாளைச் சேர்க்க மாட்டார்கள். தனியாக இருப்பதுதானே அய்யா நோயே என்று கேட்க வாயெடுத்தவர், "தங்கச்சி இருக்கா" என்று சொல்லிவிட்டார். காகிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்து தனக்குக் கையெழுத்துப் போட்டார். தங்கச்சிக்கு, தன் இடது கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தினார். லிஃப்ட் கதவு கடித்த தழும்பு குறுக்கே ஓடும் விரல். யார் பார்க்கப்போகிறார்கள்?

அப்புறம் வாரத்துக்கொரு பொய். அவளுக்குக் காது மந்தம். இடது கால் வராது, இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். மூலை அறையில் படுத்திருக்கிறாள். இப்போதுதான் குளிக்கப் போனாள்.

போனை வைத்துவிட்டு மூலை அறையைத் திறந்தார். கிரீஸ் வாசனை. பழைய கட்டிலின் மேல் அவர் குப்பையாகக் குவித்திருந்த ஸ்பேனர்களும் கம்பிச் சுருள்களும் தரையில் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. மெத்தையின் நடுவில் ஒரு குழி. கை வைத்துப் பார்த்தார்.

சூடாக இருந்தது.

அன்று மத்தியானம், பளிச்சென்று வெயில் அடிக்கிற நேரத்தில், கூடத்தில் சாய்ந்திருந்தவரின் காதுக்கு மின்விசிறியின் கிறீச்சுக்கும் அடுத்த தெரு வண்டிகளின் இரைச்சலுக்கும் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது: ஒரு அடி வைப்பது, பிறகு ஈரச் சாக்கை இழுப்பதுபோல ஒரு நீண்ட உரசல், மறுபடி ஓர் அடி. எத்தனையோ இயந்திரங்களைக் கேட்ட காது. தப்பாகாது. இடது கால்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து தூக்கிவிடுவார்கள், போன் நின்றுவிடும். வாரத்தில் கால் மணி நேரம் ஒரு மனுஷக் குரல், அதுவும் போய்விடும். ஐந்தாம் நாள் காலையில் குளியலறைக் கதவு உட்பக்கமாகத் தாழிட்டிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

ஆஸ்பத்திரி நம்பரைச் சுழற்றினார்.

"எனக்குத் தங்கச்சியே கிடையாதும்மா. பொய் சொல்லிட்டேன். வீட்ல யாரோ இருக்காங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"சொன்னாங்கய்யா." குழந்தையிடம் பேசுகிற குரல். சிரிப்பு இல்லை. "'என்னையே இல்லைன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாரு'ன்னு அழுதாங்க. பதற்றம் முத்தினா அப்படி வரும், பயப்படாதீங்க. இனிமே உங்களைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. தங்கச்சி சொல்றதையே எழுதிக்கிறோம்."

"அப்ப என்கிட்ட பேச மாட்டியா?"

"நீங்க ஓய்வெடுங்கய்யா."

செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி.

நாற்காலியில் காத்திருந்தார். பேசாவிட்டாலும் மணிச் சத்தமாவது கேட்கலாம். கண் அயர்ந்திருக்க வேண்டும். விழித்தபோது போன் வைத்த முக்காலி காலி. வயர் மட்டும் தரையோடு ஓடி மூலை அறைக் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது.

மணி அடித்தது. உள்ளே. ஒரே தடவை.

"சொல்லும்மா!" காது கேளாதவர்களின் கத்தல். "அண்ணனா? குளிக்கிறாரு!"

நான் இங்கே இருக்கிறேன் என்று எழப் பார்த்தார். இடது கால் எழவில்லை.

"கால் வரலம்மா அவருக்கு. இழுத்து இழுத்துத்தான்." இப்போது அந்தக் குரல் கத்தவில்லை. எல்லோரையும் போலப் பேசியது. "காதும் போச்சு. கத்தினாக்கூட..."

மீதி கேட்கவில்லை. தெரு அடங்கியது. மின்விசிறி சுற்றியது. சத்தமில்லை. நர்ஸம்மா என்று கூப்பிட்டார். தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

கதவு திறந்தது.

நேராக நடந்து வந்தாள். இரண்டு காலும் பதிந்து. முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. ரிசீவர் பிடித்த இடது கையைப் பார்த்தார். கட்டைவிரலில், குறுக்கே, தழும்பு.

தன் கையைத் திருப்பினார். கட்டைவிரல் வழவழவென்று இருந்தது. தழும்பு இல்லை. ரேகை இல்லை.

நிமிர்ந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு குவிந்தது, விரிந்தது. மறுபடி குவிந்தது.

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.